இஸ்திரிக்காரியின் இடக்கை

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இஸ்திரிப் பெட்டியில் சூட்டைக் காட்டும் முள்ளை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இடக்கை விரலை நாக்கில் நனைத்து அடித்தகட்டில் ஒரு கணம் ஒத்துவார்கள். விரல் சொல்வதுதான் கணக்கு.

அன்று காலை அவள் விரல் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி இன்னும் காயவில்லையாக்கும் என்று உள்ளங்கையையே வைத்துப் பார்த்தாள். எவளோ சட்டையைக் கருக்கிவிட்டாள் என்று மூக்கைச் சுளித்துத் திரும்பியபோதுதான், கருகுவது தன் தோல் என்று தெரிந்தது.

டாக்டரம்மா படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். தொடுவது, சுடுவது, குத்துவது எல்லாம் தண்டுவடத்தில் ஏறி, மூளையின் நடுவே தலாமஸ் என்ற இடத்துக்கு வரும். அது அங்கிருந்து மூளையின் மேல்பட்டைக்கு அனுப்பினால்தான் சுடுவது நமக்கு உறைக்கும். வாசனைக்கு அந்தச் சுற்று வேண்டாம், அதற்குத் தனி வழி. இவளுக்கு வலப்பக்கத் தலாமஸில் சின்ன ரத்த அடைப்பு. இடப்பக்க உடம்பின் சேதியெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது.

"புண்ணு ஆறிடும். கையில வேற ஒரு குறையும் இல்லம்மா. கோளாறு தலைக்குள்ள. கொஞ்ச நாள் போனா அதே எடம் சும்மாவே வலியைக் கெளப்பலாம். அதுவும் நெசமான வலிதான்."

கூட வந்த கணவன், கையில் குறை இல்லை என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

புண் ஆறியது. பின்னாலேயே வலி வந்தது. போர்வை நுனி பட்டால் நெருப்பு. மின்விசிறிக் காற்றுக்கே உயிர் போயிற்று. வேலைக்குப் போக வலிக்கிறது என்று அவன் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவனுடைய அக்கா வருவதாக இருந்த அன்று, வந்தவள் முன்னால் மானத்தை வாங்காதே என்று வேறு எச்சரித்தான்.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, இளைத்துப்போய்விட்டாயே என்று அவளுடைய இடக்கையைப் பாசமாகத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லாத்தானேடா இருக்கா?" என்றாள் நாத்தனார் தம்பியிடம்.

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "தொட்டா உயிர் போகும்னியே. எங்க, போகலியே?"

கத்தியிருந்தால் நடிப்பு. கத்தாததால் பொய்.

திங்கட்கிழமை இஸ்திரி மேசைக்குத் திரும்பினாள். மற்றவர்கள் விரலை நனைத்தார்கள். அவள் இடக்கையை எதிலும் படாமல் விலக்கிப் பிடித்தபடி, பெட்டியை ஒரு கந்தல் துணியில் வைத்துக் குனிந்து முகர்ந்தாள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.