மிக நீளமான பட்டை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைபடப் பட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விட நீளமாக ஓர் ஆரஞ்சுப் பட்டை. தாம்பரத்து ஆய்வகத்தில் அதை அச்செடுத்து என் முன்னால் வைத்தவர் அண்ணா. என்னோடு அதே வேலை பார்த்தவர்தான். ஆனாலும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணா.

அவர் தங்கைக்கு மூட்டுகளை அரிக்கும் நோய். காலையில் சீப்பைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது. எங்கள் ஆய்வும் அதே நோயைப் பற்றியதுதான். மரபணுக்களை அவை செய்யும் வேலைப்படி வகை வகையாகப் பிரித்து, இந்த ரத்தம் நோயாளியுடையதா, ஆரோக்கியமானவருடையதா என்று கணினியிடம் கேட்போம். பிறகு ஒரு வகை மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்ற எண்களை மட்டும் கலைத்துவிட்டுத் திரும்பவும் கேட்போம். பதிலில் எவ்வளவு உளறல் கூடுகிறதோ, கணினிக்கு அந்த வகை அவ்வளவு முக்கியம். பட்டையும் அவ்வளவு நீளம்.

ஆரஞ்சுப் பட்டை, கொழுப்பைக் கையாளும் மரபணுக்களுடையது. "கொழுப்புக்குத்தான் மாத்திரை இருக்கே! ஈவ்னிங் ஊரப்பாக்கத்துல அவளுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட். ஊசிய நிறுத்திட்டு இத ட்ரை பண்ணலாமான்னு கேக்கப் போறேன். அவகிட்ட சொல்லிட்டேன்," என்றார். நோய்க்கான அந்த ஊசியைப் போட்ட மறுநாளெல்லாம் அவள் வாந்தியெடுத்துத் துவண்டு கிடப்பாள் என்பது எனக்கும் தெரியும்.

நல்ல சேதி என்றாலே சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். வீட்டில் அதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆரோக்கியமானவர்கள் என்று கணினிக்குக் காட்டிய ரத்தம் யாருடையது? எங்களுடையதுதான். மதியம் எல்லோரும் டப்பாக்களைத் திறந்து, அண்ணா வீட்டு மீன் குழம்பு, என் வீட்டு நெய்ச்சோறு என்று பங்குபோட்டுச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு போய் ரத்தம் கொடுப்போம். நோயாளிகளோ காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். சாப்பிட்டவுடன் எடுத்த ரத்தத்தில் கொழுப்பு மரபணுக்கள் வேறு மாதிரிதானே வேலை செய்யும்?

நல்லவேளையாக, வேறோர் ஆய்வுக்காக நாங்கள் வெறும் வயிற்றில் கொடுத்த ரத்தத்தின் எண்களும் கைவசம் இருந்தன. அவற்றைப் போட்டுப் பார்த்தேன். அண்ணா பின்னால் நின்று கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினி எங்கள் எல்லோரையும் நோயாளிகள் என்றது. அவரையும்தான்.

"அப்ப இது நோயே இல்ல. நம்ம சாப்பாடு," என்றார் மெதுவாக. என் சந்தேகம் பொய்யாகப் போகக்கூடாதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆசைப்பட்டேன்.

அப்போது ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் தங்கையின் குரல். "அண்ணா, கிளம்பிட்டியா? ஊசி வேணாம்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு, எனக்குப் பயமா இருக்கு."

"கிளம்பிட்டேம்மா," என்றார். குரலைச் சரிசெய்துகொண்டு, "ஊசி போட்டுக்கலாம்மா. நான் பாத்தது தப்பு. நான் கூடவே இருக்கேன்," என்றார்.

ரயிலுக்கு ஓடும்முன் பேனாவை எடுத்து, அந்த நீளப் பட்டைக்குக் கீழே 'மதியச் சாப்பாடு' என்று எழுதிவிட்டுப் போனார். இப்போது அவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். தங்கைக்கு ஊசி தொடர்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் கண்ணாடிக்கு அடியில் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு மட்டும், அன்று ஸ்பீக்கரில் "சரிண்ணா" என்று அவர் தங்கை சொன்னது இன்னும் கேட்கிறது.