உப்பு முடிச்சும் நாலாவது போல்ட்டும்

வண்டி ஓடாமல் நின்ற பிறகும் பதினோரு வருடம் அம்மா அதற்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தாள். அமாவாசைதோறும் கருப்புத் துணியில் கல்லுப்பும் ஒரு துண்டு படிகாரமும் முடிந்து, முன்பக்கம், இடது சக்கரத்தை ஒட்டி, பம்பருக்குக் கீழே கட்டுவாள். பழைய முடிச்சை ஆற்றில் போட்டுவிட்டு வருவது என் வேலை. தாத்தா இருந்தபோது, வண்டி தினமும் சாலையில் ஓடியபோது, புதுமருமகளான அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு அது. பிறகு தாத்தா போனார். வண்டியும் நின்றது. இனிமேல் கட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் அம்மாவும் நிறுத்தவில்லை.

பூட்டிய கதவைத் திறந்து, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று நான் இரண்டாம் முறை பார்க்கிறேன். மகள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைக்கிறேன். அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது, இன்னும் வைக்கிறேன். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

அது ஒரு பழைய பிக்கப். மூக்கு நீண்டு, கண்கள் உருண்டு, பின்னால் திறந்த தொட்டியோடு, முக்கூடலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டத்தை ஒட்டிய, கூரை ஒழுகும் கொட்டகையில் நின்றது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடை விடுமுறையில் அதை எடைக்குப் போடுவது என்று பெரியப்பா முடிவு செய்தார். அப்பா சவுதியில் இருந்ததால் வீட்டு முடிவுகள் எல்லாம் பெரியப்பாவுடையவை.

அந்தப் பங்குனியில்தான் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். பேட்டைப் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் லாரிகளுக்குக் கமான் கட்டும் பட்டறை இருந்தது. கமான் என்றால் சக்கரத்துக்கு மேலே, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகளின் கட்டு. குழியில் விழும் அடியை வண்டிக்குப் போகாமல் அதுதான் வாங்கிக்கொள்ளும். பட்டறையின் பின்சுவர்தான் அத்தை வீட்டின் முன்சுவர். ஆறு வருடம் அங்கே இருந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்போது திரும்பிப் போவாள் என்று மட்டும் தெருவே கேட்டது.

இலைக்கட்டுகளை டவுன் சந்தைக்கு ஏற்றிப் போக அந்த வண்டி தனக்கு வேண்டும் என்று அத்தை சொன்னபோது பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, அது துருப்பிடிச்ச எலும்புக்கூடு. வெள்ளிக்கிழமை காலையில இரும்புக்கார அண்ணாச்சி லாரி கொண்டாருதாரு.”

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு அண்ணே. முன்கமான்தான் இறுகிப் போச்சு. கழத்தி இறக்கிப் பட்டை மாத்தினா ஓடும்.”

“யாரு கழத்துவா?”

“நான்தான்.”

பெரியப்பாவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, நியாயமான மனிதர்கள் பேசும் குரலில் சொன்னார்: “சரி. லாரி வாரதுக்குள்ள ரெண்டு கமானையும் தரையில இறக்கிட்டேன்னா வண்டி உனக்கு. இல்லைன்னா வண்டி லாரிக்கு, நீ மாமியார் வீட்டுக்கு. ஊர்க்காரனுக்கு நான் இன்னும் எத்தனை நாளைக்குப் பதில் சொல்ல?”

அத்தை அவர் இலையில் மோர் ஊற்றினாள். “சரிண்ணே” என்றாள்.

புதன்கிழமை காலை பெரியப்பாவே ஜாக்கியை இரவல் வாங்கி வந்து அச்சுக்குக் கீழே வைத்தார். தோற்கப்போகிறவளுக்கு உதவுவதில் அவர் குறை வைக்கவில்லை.

“அங்கன வைக்காதீங்க” என்றாள் அத்தை. “அச்சுல முட்டுக் கொடுத்தா வண்டிக் கனம் முழுக்கப் பட்டை மேலதான் நிக்கும். போல்ட்ட உருவும்போது துள்ளுச்சுன்னா கை போயிரும். வண்டிச் சட்டத்துல வைங்க. பட்டை சும்மா தொங்கணும்.”

பெரியப்பா ஒரு கணம் ஜாக்கியையும் ஒரு கணம் தங்கையையும் பார்த்தார். பிறகு இடத்தை மாற்றி வைத்தார். பனந்தடிகளை அடுக்கி வண்டியை அதன் மேல் உட்கார வைத்துவிட்டு, தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார். ஆனால் தூரப் போகவில்லை, வாழைகளுக்கு நடுவில் அவருடைய வெள்ளைத் துண்டு தெரிந்துகொண்டே இருந்தது.

அத்தை சேலையை இழுத்துச் செருகி, மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். கமானுக்கு முன்நுனியில் ஒன்று, பின்நுனியில் ஒன்று, இரண்டு பக்கமும் சேர்த்து நாலு போல்ட்டு. அச்சோடு பிணைத்திருந்த வளையங்களை ரம்பத்தால் அறுத்தெடுக்கவே அன்றைய பொழுது போனது. போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தாள். வேண்டிய ஸ்பானரை வேண்டிய நேரத்தில் நீட்டுவதும், “அத்தை, இருக்கியா?” என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதும் நானாக எடுத்துக்கொண்ட வேலை.

“செத்தா சொல்லுதேன். இப்ப பத்தொன்பதைக் கொடு” என்று அடியிலிருந்து குரல் வரும்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்று போல்ட்டுகள் வந்துவிட்டன. ஸ்பானர் முனையில் இரும்புக் குழாயைச் சொருகி, நானும் அத்தையும் சேர்ந்து அதில் தொங்கினோம். மரை இளகும்போது எழும் அந்தக் கிறீச்சு இன்னும் என் பல்லில் இருக்கிறது. வலது கமான் தொம்மென்று தரையில் இறங்கியபோது கோழிகள் பறந்தன.

நாலாவது, இடது முன்நுனி, அசையவில்லை. மரை கழன்றது, போல்ட்டு துளையோடு ஒட்டிப் பிறந்ததுபோல் நின்றது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அத்தை மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றி அடித்தாள். அடித்து ஓய்ந்து, கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். துருவுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ பூத்துக் கெட்டியாகியிருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். வைத்தவள் திரும்பி அடுக்களை வாசலைப் பார்த்தாள். அங்கே அம்மா நின்றிருந்தாள்.

 பதினோரு வருடத்து உப்பு, ஒவ்வொரு மழையிலும் கசிந்து அந்த ஒரு போல்ட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. சொல்லிவிட்டால் பெரியப்பா அம்மாவைத் திட்டுவார். சொல்லாவிட்டால் தோற்றது அத்தை என்றாகி, அவள் போய்விடுவாள். எது சரி என்று ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அப்போது தொடங்கிய யோசனை, வேறு வேறு விஷயங்களில், இன்றுவரை முடியவில்லை.

“என்ன அது?” என்று வாழைக்குள்ளிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்.

“மழைத்தண்ணி இறங்கியிருக்கு” என்றாள் அத்தை.

அதே நேரத்தில் லாரி வந்துவிட்டது. இரும்புக்கார அண்ணாச்சி இறங்கி, தொப்பையைத் தடவிக்கொண்டு, தரையில் கிடந்த வலது கமானைச் சுற்றி வந்தார். “யாரு வே இத எறக்கினது? சுத்தமா எறக்கியிருக்கானே!”

“எறக்கியிருக்காளே” என்று பெரியப்பா திருத்தினார். பிறகு தங்கையிடம், கோபமில்லாமல், “போதும்டீ. லாரி வந்தாச்சு. எந்திரிச்சு வந்து கையைக் கழுவு” என்றார்.

அத்தை எழுந்திருக்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தபடியே சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் அம்மா வந்தாள். இரண்டு கையிலும் துணியைச் சுற்றி, கொதிக்கிற உலைத்தண்ணிப் பானையை அப்படியே அடுப்பிலிருந்து இறக்கித் தூக்கிக்கொண்டு. வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு வைத்த உலை. பெரியப்பா முன்னால் குரல் உயர்த்தி நான் பார்த்திராத அம்மா, நடந்துகொண்டே சொன்னாள்: “மழைத்தண்ணி இல்ல. உப்பு. நான்தான் கட்டினேன். உப்புக்கு மண்ணெண்ணெய ஊத்தினா கரையுமா? தள்ளிக்கோ.”

“எந்த உப்பு?” என்றார் பெரியப்பா.

“திருஷ்டி உப்பு.”

“ஓடாத வண்டிக்கா?”

“நிறுத்தச் சொல்லி நீங்க சொல்லலையே அத்தான்.”

இரும்புக்கார அண்ணாச்சி வெடித்துச் சிரித்தார். பெரியப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் லாரியின் சக்கரத்தைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. போல்ட்டின் மேல் வெந்நீரைப் பைய ஊற்றினாள். பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ கரைந்து வழிந்தது. “மதினி, இன்னும் ஒண்ணு” என்றாள் அத்தை. அம்மா ஓடினாள். நானும் ஓடினேன். மொத்தம் எத்தனை பானை ஊற்றினோம் என்பதில் இன்றும் சண்டை. அம்மா நாலு என்கிறாள். அத்தை ஏழு என்கிறாள். எனக்கு ஆறு என்று ஞாபகம், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இரண்டாவதோ மூன்றாவதோ பானைக்குப் பிறகு அத்தை மரையைப் போல்ட்டு நுனியோடு திருகி நிறுத்தி, புரி நசுங்காதபடி அதன் மேல் ஒரு கம்பியை வைத்து அடிக்கத் தொடங்கினாள். அடி, வெந்நீர், அடி. அண்ணாச்சி சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். அவருக்குச் சேர வேண்டிய இரும்பு அது. ஆனால் ஒரு போல்ட்டு இளகுமா இளகாதா என்கிற கேள்விக்கு முன்னால் எந்த ஆண்பிள்ளையாலும் சும்மா நிற்க முடிவதில்லை. சட்டையைக் கழற்றி லாரிக் கதவில் போட்டார். “தள்ளும்மா தாயி, நீ கம்பியப் பிடி. நான் போடுதேன்.”

“கோணலா விழுந்துரக் கூடாது அண்ணாச்சி.”

“ஏ, எனக்கேவா?”

ஒன்பதாவது அடியில் சத்தம் மாறியது. அதுவரை செத்த சத்தம். இப்போது மணிபோல் ஒரு கணீர். “அசைஞ்சிட்டு!” என்று கத்தியது அத்தையோ அண்ணாச்சியோ அல்ல, பெரியப்பா. எப்போது அவ்வளவு அருகில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. மரையைக் கழற்றிவிட்டு இன்னும் நாலு அடி. போல்ட்டு பின்பக்கமாக வழுக்கி வெளியே விழுந்தது. இடது கமான் முனகிக்கொண்டே சாய்ந்து தரையைத் தொட்டது. அம்மா வெறும் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தாள். அம்மா குதித்ததை என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் பார்த்தேன். அத்தை துருவும் கரியுமான கையால் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தக் கறை இரண்டு நாள் இருந்தது, அம்மா தேய்த்துக் கழுவவில்லை.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “வண்டி அவளுக்குத்தான் அண்ணாச்சி. நீங்க வெறுங்கையோட போக வேண்டியதுதான்” என்றார். ஏதோ தானே கழற்றியதுபோல ஒரு பெருமை குரலில். பிறகு அந்த வண்டி பன்னிரண்டு வருடம் இலைக்கட்டு ஏற்றியது. பாதி நாள் அத்தைக்குப் பக்கத்து இருக்கையில் பெரியப்பாதான் உட்கார்ந்து போனார்.

“லாரி சும்மாதான போகுது?” என்று கேட்டாள் அத்தை. “இந்த ரெண்டு கமானையும் பேட்டையில இறக்கி விட்டுருங்க அண்ணாச்சி. பட்டை மாத்தணும்.”

குளித்து, நல்ல சேலை கட்டி, பூ வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு லாரியில் ஏறினாள். வண்டியை எடுத்துப்போக வந்த லாரியில் கமான்கள் விருந்தாளிபோல் வந்தன. வழியில் கமான் பட்டறை ஒன்றைத் தாண்டினோம். பிறகு இன்னொன்று. “அத்தை, இங்கனயே கொடுத்திரலாமே” என்றேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் இறங்கிய பட்டறையில் உலைக்கு முன்னால் நின்றவர் மாமா, அத்தையின் வீட்டுக்காரர். அத்தையைப் பார்த்ததும் கையிலிருந்த பட்டையைத் தண்ணீரில் போட்டார், புகை எழுந்தது. வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் அத்தை உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். “எங்க வண்டியோடது. இடதுல மூணாவது பட்டை ஒடிஞ்சிருக்கு. என்னைக்கு வந்து எடுத்துக்கட்டும்?” என்றாள். மாமா கமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு கழத்துனது?” என்றார். “நான்தான்” என்றாள் அத்தை. அவர் கமானைக் கீழே வைத்தார். செவ்வாய்க்கிழமை என்றார்.

பின்வாசல் வழியாக அத்தையின் மாமியார் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்தாள். அந்தப் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் ஆறு வருடம் அந்த வாசல் வழியாக டீ கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நின்று, தம்ளரை வாங்கிப் போனவள் அத்தைதான் என்று பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். அன்று எனக்கு அது தெரியாது. டீ தண்ணியாக இருந்தது, சர்க்கரையும் போதவில்லை. நான் பாதியை வைத்துவிட்டேன். அத்தை ஊதி ஊதி, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் தெருவைப் பார்த்து, அவ்வளவு நேரம் குடித்தாள். அவளுடைய மாமியார் நின்றுகொண்டே இருந்தாள். பஸ் போய்விடுமே என்று நான் காலை ஆட்டினேன்.

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, “இப்படி ஒரு டீ நான் குடிச்சதே இல்லட்டீ” என்றாள். பாவம், மூன்று நாளாக மண்ணெண்ணெய் வாடையில் கிடந்ததில் அத்தைக்கு நாக்கு மரத்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லி, அவளுக்கு ஒரு நல்ல டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.