ஒலியை நிறுத்திப் பார்த்த வியாழக்கிழமை

ஈ.சி.ஜி. எடுத்த பெண் முதல் தாளைக் கிழித்துப் பார்த்தாள். இளவழகனின் மார்பில் ஒட்டியிருந்த ரப்பர் குமிழ்களை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து அழுத்தினாள். இரண்டாவது தாள் வந்தது. அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மெஷின் பழசாம்மா?" என்று படுத்தபடியே கேட்டான் இளவழகன்.

"இன்னொரு தடவ எடுத்துக்கறேன் சார். கையைத் தளர்த்தி விடுங்க."

மூன்றாவது தாளையும் பார்த்த பிறகு அவள் கேட்டாள். "உங்ககூட யாராவது வந்திருக்காங்களா சார்?"

அவன் நோயாளியாக அங்கே வரவில்லை. ஒரு கோடி ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுக்க விண்ணப்பித்திருந்தான். அதற்காகக் கேட்கப்படும் வழக்கமான பரிசோதனை இது. வயது முப்பத்தெட்டு. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. பண்ருட்டியில் இந்த வேலையை முடித்துக்கொண்டு, பக்கத்தில் திருவதிகைக் கோயிலுக்கும் போய்விட்டு வரலாம் என்று மனைவி மணிமொழியையும் அழைத்து வந்திருந்தான். அன்று சனிக்கிழமை, பங்குச் சந்தைக்கு விடுமுறை.

மாடியில் இருந்த டாக்டர் வெண்மதி எக்கோவும் எடுத்துப் பார்த்துவிட்டு, இருவரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"இளவழகன், உங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்கு."

"வரப்போகுதுங்களா?"

"வந்துட்டுப் போயிருக்கு. இதயத்தோட முன்பக்கச் சுவர்ல ஒரு பகுதி சரியா அசையல. சமீபத்துல நெஞ்சு அடைச்சி, வேர்த்துக் கொட்டி, அப்படி ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லவே இல்லிங்க டாக்டர். போன மாசம் ஒரு நாள் வாயு புடிச்ச மாதிரி இருந்திச்சி. அவ்ளோதான்."

"வாயு இல்லிங்க டாக்டர்" என்றாள் மணிமொழி. அவள் குரல் உயரவேயில்லை. "மழைக்கு ஸ்கூலு லீவு வுட்ட வியாழக்கிழம. பதினோரு மணிலேருந்து ரெண்டு மணி வரைக்கும். சட்டை பூரா நனஞ்சி போச்சி. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கால்ல வுழாத குறையா கெஞ்சனேன். வரல."

இளவழகன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அந்த வியாழக்கிழமை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. சந்தை எத்தனை மணிக்குச் சரிந்தது, எங்கே நின்றது, எங்கிருந்து திரும்பியது என்று ஐந்து ஐந்து நிமிடமாகச் சொல்லிவிடுவான். வாழ்நாளிலேயே அதிகமாகச் சம்பாதித்த நாள் அது. நான்கு லட்சத்து அறுபதாயிரம். அன்று சாயங்காலமே மணிமொழிக்கு மூன்று சவரனில் சங்கிலி வாங்கிக் கொடுத்தான். கடைக்காரர் சங்கிலியை எந்த நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார் என்பதுகூட நினைவிருந்தது. மணிமொழி அறைக்குள் வந்தது மட்டும் நினைவில் இல்லவே இல்லை.

"நீ எப்ப மேல வந்த?" என்று டாக்டர் முன்னாலேயே கேட்டான்.

"மூணு தடவ வந்தேன்" என்றாள்.

இளவழகனின் அப்பா கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக முப்பது வருடம் போய்வந்தவர். பர்மனன்ட் ஆகாமலே இறந்தவர். இளவழகனும் டிப்ளமோ முடித்துவிட்டு அதே சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் பிரிவில், கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியனாக ஒன்பது வருடம் இருந்தான். அடுத்த வருடம் பர்மனன்ட், அடுத்த வருடம் பர்மனன்ட் என்ற பேச்சிலேயே கல்யாணமும் ஆகி, மகள் இசைப்பிரியாவும் பிறந்துவிட்டாள்.

ஷிப்ட் இடைவேளையில் செல்போனில் பங்கு வாங்கி விற்கப் பழகினான். முதலில் போட்ட நாற்பதாயிரமும் போயிற்று. இரண்டாவது முறை போட்டதும் போயிற்று. அவன் சூதாடி இல்லை. எங்கே தப்பு செய்தோம் என்று உட்கார்ந்து படித்தான். மூன்றாம் வருடம் லாபத்தின் பக்கம் திரும்பியது. நான்காம் வருடம் வேலையை விட்டான். சுரங்கத்து டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில் மனை வாங்கி மாடி வீடு கட்டினான். மாடி அறையில் மூன்று கணினித் திரைகள், இரண்டு இன்டர்நெட் இணைப்பு, கரண்ட் போனாலும் நிற்காத இன்வெர்ட்டர். மணிமொழி ஆசிரியையாக வேலை பார்த்த தனியார் பள்ளியில் கொடுத்த மாதச் சம்பளத்தை அவன் ஒரு காலைப்பொழுதில் எடுத்துவிடுவான் என்பதால், அவளும் வேலையை விட்டாள்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம். சந்தை நடக்கும் காலை ஒன்பதே காலிலிருந்து மாலை மூன்றரை வரை அந்த மாடி அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது. நஷ்டத்தில் கோபப்படக் கூடாது, லாபத்தில் குதிக்கக் கூடாது, திரைக்கு முன்னால் உடம்பு சொல்வதையும் மனசு சொல்வதையும் கேட்கக் கூடாது என்று அவன் தன்னைப் பழக்கியிருந்தான். அந்தப் பழக்கத்தால்தான் ஜெயித்தோம் என்று நம்பினான். அது உண்மையும்கூட.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அன்றைக்கே புதுச்சேரிக்குப் போனார்கள். ஆஞ்சியோவில் ஒரு ரத்தக்குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருப்பது தெரிந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரத்துக்குச் சந்தைப் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். காப்பீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகச் செல்போனில் ஒரு வரி வந்தது.

அதெல்லாம்கூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்று தடவை வந்தேன் என்று மணிமொழி சொன்னதுதான் உள்ளே கிடந்து அறுத்தது. பொய் சொல்கிறவள் இல்லை அவள். அப்படியானால் அந்த மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்?

வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, மணிமொழி மகளைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். அவன் ஒவ்வொரு படியாக நின்று நின்று மாடி ஏறினான். தொழில் பழகிய நாளிலிருந்து, தினமும் திரையில் நடப்பதை முழுக்கப் பதிவு செய்து வைப்பது அவன் வழக்கம். ஆரம்பத்தில் ஏன் வாங்குகிறேன், ஏன் விற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வான். அதற்காக மைக்கையும் வைத்திருந்தான். பிறகு பேசுவது நின்றுபோனது. மைக்கை யாரும் அணைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமைப் பதிவை அவன் ஏற்கெனவே மூன்று தடவை பார்த்திருந்தான். அவ்வளவு லாபம் எப்படி வந்தது என்று கற்றுக்கொள்வதற்காக, ஒலியை நிறுத்திவிட்டு, இரட்டை வேகத்தில்.

இந்தத் தடவை ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பதினொன்று ஐந்து. ஏசி இரைச்சல். மழை. அதற்கடியில் யாரோ முனகினார்கள். அது தன் குரல் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அம்மா... அம்மா..." என்று முனகல். உடனே மவுஸ் தட்டும் சத்தம். திரையில் ஒரு ஆர்டர் போகிறது. மறுபடி முனகல். மறுபடி மவுஸ்.

கதவு திறந்தது.

"என்னங்க இப்டி வேர்க்குது? ஏசி ஓடிகினு இருக்குதே. எழுந்திரிங்க, போலாம்."

"இரு."

"மூஞ்சியே சரியில்லிங்க."

"மூணரைக்குப் போலாம். கதவ சாத்து."

இரண்டாம் தடவை அவள் ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறேன் என்றாள். ஏதோ தட்டிவிட்ட சத்தம், தரையில் விழுந்த சத்தம். "போனக் குடுங்க, போனக் குடுங்க" என்று அவள் அழுதாள். பிடுங்கிய போனை அவன் தரவில்லை. திரையில் பச்சைக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் தடவை மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தையைப் பார்த்தாலாவது எழுந்திருப்பான் என்று நினைத்திருப்பாள். இசைப்பிரியாவின் குரல் மைக்குக்கு மிகப் பக்கத்தில், தெளிவாகக் கேட்டது.

"அப்பா, நீ செத்துடுவியா?"

இளவழகன் மூச்சை நிறுத்திக்கொண்டு தன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"பாப்பாவ கீழ கூட்டினு போ. டிஸ்டர்ப் பண்ணாத."

அந்தக் குரலில் வலி இல்லை, கோபம் இல்லை, நடுக்கம்கூட இல்லை. சுரங்கத்தில் போர்மேன் வேலை சொல்வதுபோல இருந்தது. அவனைக் குலைத்துப்போட்டது அந்த நிதானம்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான். எழுந்திருக்கப் பயமாக இருந்தது. மணிமொழி திரும்பி வந்து, கீழே அவனைக் காணாமல் மாடிக்கு ஓடிவந்தபோது, அவன் அணைந்த திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"கேட்டுட்டேன் மணி" என்றான். "எல்லாம் இருக்குது இதுல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் போட்டுக் காட்டிடாதிங்க. நான் ஒரு தடவ கேட்டதே போதும்."

"அப்புறம் ஏன் நீ எதுவுமே சொல்லல? சங்கிலி வாங்கினப்பகூட?"

"சொல்லிப் பாத்தேங்க. அன்னைக்கு நைட்டே சொன்னேன். அதான் சரியாயிடுச்சே, ஏன் சும்மா தொணதொணக்கறன்னிங்க. அப்புறம் என்னா சொல்றது? நீங்க உசுரோட இருக்கறதே போதும்னு வுட்டுட்டேன்."

இதுவும் அவனுக்கு நினைவில் இல்லை.

ஓய்வில் இருந்த வாரங்களில் சுல்தான் பார்க்க வந்தான். டவுன்ஷிப் மைதானத்தில் பத்து வருடம் ஒன்றாகப் பூப்பந்து ஆடியவர்கள். மாவட்ட அணி வரைக்கும் போனவர்கள். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"நீ கோச்சிக்கலன்னா ஒண்ணு சொல்றேன் மாப்ள. எங்க அம்மா மவுத்தானப்ப நீ வரல. இன்னைக்கு வியாழக்கிழம, எக்ஸ்பைரி, நாளைக்கு வரேன்னு மெசேஜ் போட்ட. அடுத்த நாளும் வரல."

ஆப்ஷன் என்னும் குறுகிய காலச் சந்தை ஒப்பந்தங்களின் கணக்கு முடிகிற நாளை எக்ஸ்பைரி என்பார்கள். சுல்தான் போன பிறகு இளவழகன் செல்போனில் தேடி, அந்த அம்மா இறந்த அன்று அனுப்பிய செய்தியை எடுத்துப் பார்த்தான். சுல்தான் சொன்னபடியே இருந்தது. கீழே ஒரு கும்பிடு படம் வேறு. சுல்தானின் அம்மா பதுருன்னிசா எத்தனையோ ரம்ஜானுக்கு அவனுக்குச் சோறு போட்டவர்.

ஆறு வாரம் முடிந்ததும் அவன் சந்தையை அடியோடு விட்டுவிடவில்லை. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மருந்துக்கும் மகள் படிப்புக்கும் பணம் வேண்டும். தினசரி ஆப்ஷன் வியாபாரத்தை மட்டும் முழுக்க நிறுத்தினான். இருந்த பணத்தில் பெரும்பகுதியை நல்ல கம்பெனிப் பங்குகளில் போட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள், பதினோரு மணி வரைக்கும்தான் என்று வைத்துக்கொண்டான். வருமானம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. மணிமொழி பழைய பள்ளிக்கே வேலைக்குப் போனாள். மாடிக் கதவைக் கழற்றிவிடலாம் என்று அவன் சொன்னபோது, "நல்ல கதவு வீணாப் போவும். தொறந்து வச்சாப் போதும்" என்றாள்.

அவள் வேலைக்குப் போன முதல் வாரம், இசைப்பிரியாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர இளவழகன் போனான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எந்த வாசலில் வருவார்கள் என்று தெரியாமல் முன்வாசலில் நின்றான். கூட்டம் கலைந்த பிறகுதான் பின்பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே மரத்தடியில் இசைப்பிரியா பையோடு நின்றிருந்தாள். வகுப்பாசிரியை தமயந்தி அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"இவளோட அப்பாங்க."

ஆசிரியை அவனை மேலும் கீழும் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதிங்க. மூணு வருஷமா அம்மாதான் வராங்க, உங்களப் பார்த்ததில்ல. ஒரு நிமிஷம்" என்று மணிமொழிக்குப் போன் செய்தார். மணிமொழி தன் பள்ளியில் வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. இளவழகன் ஆதார் அட்டையைத் தேடிப் பர்ஸைத் திறந்தான். சுற்றி நின்ற அம்மாக்கள் அவனைப் பார்ப்பது தெரிந்தது.

கடைசியில் ஆசிரியை குனிந்து குழந்தையிடமே கேட்டார். "இவங்க உன் அப்பாவா பாப்பா?"

இசைப்பிரியா நிமிர்ந்தாள். அவன் முகத்தையும், சட்டைப் பையிலிருந்து துருத்திய மாத்திரை அட்டையையும் பார்த்தாள். அந்தச் சில நொடிகளில் அவன் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவனுக்கே கேட்டது.

"ஆமா மிஸ். எங்கப்பாதான்" என்று சொல்லிவிட்டு, பையைக் கழற்றி அவன் கையில் கொடுக்கப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வெயிட்டு தூக்கலாமாப்பா நீ?"

"இவ்ளோ தூக்கலாம்" என்று அவன் வாங்கிக்கொண்டான்.