மண்ணில் கொட்டிய பிரேக் எண்ணெய்

மலாயாவின் அவசரகாலத்தில் லாபு ரப்பர் தோட்டத்து லோரியை ஓட்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் டிரைவர் அண்ணன். ஒல்லியான மனிதர். வண்டியை எடுக்குமுன் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்ப்பது அவர் பழக்கம்.

அன்று மிதி தொளதொளவென்று இறங்கியது. குழாயில் கசிவு. லோரியின் முன்னிருக்கையில் எங்கள் இருவர் நடுவில் என் மனைவி பிரசவ வலியில் துடித்தாள். வழியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று, புரொப்பிலின் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த பிரேக் எண்ணெயை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகக் கூடாதென்று வழியெல்லாம் சோதனை. சாவடியில் சிப்பாய் போத்தலைப் பிடுங்கினான்.

"துவான், இது சமையல் எண்ணெய் இல்லை. பிரேக்குக்கு ஊத்துறது," என்று டிரைவர் அண்ணன் மலாயில் கெஞ்சினார்.

அவன் முகர்ந்து பார்த்தும் நம்பாமல் மண்ணில் கவிழ்த்தான்.

அடுத்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை. "அண்ணே, நிறுத்துங்க!" என்று அலறினேன்.

"நிறுத்தத்தான் முடியலலா தம்பி. தங்கச்சியைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் உரசியபடியே வண்டியைக் கீழே கொண்டுவந்தார்.

மனைவி பிழைத்தாள். குழந்தை ஆஸ்பத்திரி வாசலில் இறந்தே பிறந்தது. குழந்தையைச் சுற்றத் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்த டிரைவர் அண்ணன், வெளியே போய்த் தரையில் உட்கார்ந்து என்னைவிட அதிகமாக அழுதார். எங்களுக்கு எந்த உறவும் இல்லாத அவர் அந்தக் குழந்தைக்காக ஏன் அப்படி அழுதார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.