தம்பிக்கு வந்த வியாதி

பைத்தியம் பிடிக்கவில்லையே என்று ஏங்கி அழுத மடையன் புதுச்சேரிப் பட்டணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிஜமாகவே பிடித்தவர்களை எனக்குத் தெரியும். பட்டாளத்துக்குத் தப்புவதற்காகப் பிடித்ததுபோல் நடித்தவர்களையும் தெரியும். ஆனால் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, "தம்பிக்குக் கொடுத்ததில் எனக்கும் கொஞ்சம் கொடும் தாயே" என்று மனமுருக வேண்டிக்கொண்டவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இருக்கிற புத்தியை எடுத்துக்கொள்ளச் சொன்னவனுக்கு எவ்வளவு புத்தி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தம்பிக்கு ஐந்து வயது. அப்பா சைகோனுக்குக் கப்பலேறிய நாளிலிருந்து அவன் பேச்சை விட்டுவிட்டான். அந்தக் காலத்தில் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் சைகோனில் உத்தியோகம் பார்ப்பது சாதாரணம். கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். கடலுக்குள் நீண்ட பாலத்தின் நுனியிலிருந்து படகில் இறங்கித்தான் போகவேண்டும். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்து வாயை மூடியவன்தான். தொட்டால் கடித்தான். யாராவது வாசலைத் தாண்டிப் போனால் சுவரில் தலையை மோதினான்.

நான் எதிலும் மோதவில்லை. அன்று சாயங்காலமே தெருப்பிள்ளைகளுக்கு முன்னால், கப்பலில் வாந்தி எடுக்கும் துரைசானிபோல் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கினேன். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, அதைப் பார்த்துவிட்டு, பெரியவனைப் பற்றிக் கவலையே இல்லை, அவன் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பட்டத்தை நானும் பதக்கம்போல் மார்பில் குத்திக்கொண்டு திரிந்தேன். பெருமைதான். ஆனால் பட்டம் கொடுத்துவிட்டு எல்லோரும் தம்பியைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

வெள்ளைக்காரர் தெருக்களில் ஒன்றில், கன்னியர் மடத்துக்குப் பின்னால், ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அங்கே உயரமான ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி, எல்லோரும் 'மஸேர்' என்று கூப்பிடுவோம், மனசு நொந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். பேசாதவை, ஓயாமல் அழுபவை, கண்டதை உடைப்பவை எல்லாம் அங்கே வந்தன. காசு வாங்குவதில்லை. மருந்தும் கிடையாது. ஆனால் சட்டம் ஒன்று உண்டு. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. தாயோ தகப்பனோ கூட இருக்கவேண்டும். அங்கே இருக்கிற நேரம் முழுவதும் பிள்ளை சொன்னதைப் பெரியவர் செய்யவேண்டும். அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது, புத்தியும் சொல்லக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது என்பதைக் கேட்டதும் அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது வேறு காரணத்துக்காக. அம்மா தம்பியை அங்கே வியாழக்கிழமைதோறும் கூட்டிப்போனாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்கு வியாழன் விடுமுறை. அன்றுதான் நானும் அம்மாவும் குருசுக்குப்பத்துக் கரைக்கு மீன் வாங்கப் போவோம். வலையிலிருந்து மீன் உதிர்வதைப் பார்த்துக்கொண்டே, அம்மா என் தோளில் கைபோட்டு நிற்பாள். வாரத்தில் அந்த ஒரு காலைதான் எனக்கென்று இருந்தது. அதைத் தூக்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் தலை வாரி, பவுடர் பூசி, மாப்பிள்ளைபோல் கிளம்பினான். திரும்பும்போது கையில் ரொட்டித் துண்டு, அதன்மேல் பழப்பாகு. நான் அத்தையோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழன் பொறுக்காமல் பின்னாலேயே போய், அந்த வீட்டு மதிலை ஒட்டிய பூவரச மரத்தில் ஏறினேன். உள்ளே, மில்லில் வேலை செய்கிற பெரிய மீசைக்காரர் ஒருவர் நாலு காலில் நின்றார். அவர் மகள் முதுகில் உட்கார்ந்து காதைத் திருகி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தம்பி, பேசாமலேயே, விரலை நீட்டினான். அம்மா ஒரு பிரம்புக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அவன் துணிப்பந்தால் கூடையை அடித்தான். அம்மா தள்ளாடி விழுந்தாள். விழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்பா போனதிலிருந்து அம்மாவைச் சிரிக்கவைக்க நான் போடாத வேஷமில்லை. வாயே திறக்காத பயல், ஒரு விரலை நீட்டி அந்தச் சிரிப்பை வாங்கிவிட்டான். மரத்திலிருந்து இறங்கும்போது முழங்கால் சிராய்ந்தது. அதுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்றே வியாதிக்காரனாவது என்று முடிவு செய்தேன். முதலில் பேச்சை நிறுத்திப் பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. வஞ்சிரக் குழம்பைக் கிளறிக்கொண்டே அத்தை, தலை யாருக்கு என்று கேட்டாள். என்னையும் அறியாமல் "எனக்கு" என்று கத்திவிட்டேன். அடுத்தபடியாகக் கடியில் இறங்கினேன். தம்பி அம்மாவைக் கடிப்பான், கட்டியணைத்துக்கொள்வாள். நான் ஆள் தெரியாமல் அத்தையைக் கடித்தேன். அவள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு இழுத்துப்போய் உப்பும் மிளகும் காணிக்கை வைத்து, முழங்காலில் நிற்கவைத்தாள். சுரூபத்து அந்தோணியாரும் கையில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மறுபடியும் கடித்தபோது துடைப்பத்தை எடுத்தாள்.

"இது பேயும் இல்ல பிசாசும் இல்லம்மா, கொழுப்பு" என்று அம்மாவிடம் தீர்ப்புச் சொன்னாள்.

தம்பி கடித்தால் வியாதி, நான் கடித்தால் கொழுப்பு. உலகத்தில் நியாயம் இல்லை என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வியாழன் அவர்களுக்கு முன்னாலேயே ஓடிப்போய், மடத்து வீட்டு வாசலில் படுத்து உருண்டேன். உருளுவதென்றால் சும்மா இல்லை. மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுநடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உருண்டேன். அம்மா வந்து சேர்ந்தாள். முகம் சுண்டிவிட்டது.

"எழுந்திருடா. தெருவே பாக்குது."

மஸேர் வெளியே வந்தார். முழங்கை வரை களிமண். என்னை எழுப்பவில்லை, அதட்டவில்லை. பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பவர்போல் நின்று பார்த்தார். பார்க்கிறவர் இப்படிப் பொறுமையாக நின்றால் எவ்வளவு நேரம்தான் உருள்வது? களைத்துப்போய் நிறுத்தினேன்.

"முடிந்ததா? உள்ளே வா" என்றார்.

அம்மா பதறிப்போனாள். "இவனுக்கு ஒண்ணும் இல்ல மஸேர். நடிக்கிறான். இவன் எப்பவும் இப்படித்தான்."

மஸேர் அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இன்றைக்கு இவன் முறை என்று சொல்லிவிட்டுத் தம்பியை வேறொரு கன்னியாஸ்திரியிடம் களிமண் பிசைய அனுப்பினார்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அம்மா எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள். இவ்வளவு நாள் திட்டம் போட்டவன், இதற்கு மேல் என்ன செய்வது என்று யோசித்துவைக்கவில்லை. சிரி என்று கட்டளை போட்டேன். போட்டுவிட்டு என் சரக்கை எல்லாம் அவிழ்த்தேன். பிரசங்கத்தின் நடுவில் தும்மும் சாமியாரைக் காட்டினேன். தொப்பி கழன்று வாய்க்காலில் விழுந்த போலீஸ்காரரைக் காட்டினேன். செபமாலை உருட்டிக்கொண்டே கோழியைத் திட்டும் அத்தையைக் காட்டினேன். தெருவில் இதற்கெல்லாம் ஆட்கள் விழுந்து புரள்வார்கள். அம்மா சட்டப்படி சிரித்தாள். பல் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

சரக்குத் தீர்ந்துவிட்டது. நேரம் தீரவில்லை. கையில் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதை நான் தெருவில் ஒருநாளும் செய்துகாட்டியதில்லை. இல்லாத தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டேன். ஒரு காலை மட்டும் மெல்லக் கீழே இறக்கி, படகு ஆடுகிறதா என்று பார்த்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் கதவு வரைக்கும் நடந்தேன். அங்கே திரும்பிக் கும்பிடு போட்டுக் கைதட்டல் வாங்கவேண்டும், அதுதான் முறை. திரும்ப முடியவில்லை. கதவைப் பார்த்தபடியே நின்றேன்.

அம்மா எழுந்துவந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சட்டப்படி தப்பு. மஸேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். களிமண் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று நான் அம்மாவுக்கு விளக்கினேன். அவளுக்கும் விழுந்திருந்தது. அதற்குள் தம்பி எங்கிருந்தோ பாய்ந்துவந்து என் தொடையைக் கடித்தான். பொறாமை எங்கள் வீட்டில் என்னோடு நிற்கவில்லை என்று தெரிந்தது.

அன்று எனக்கும் ரொட்டி கிடைத்தது. தெருவுக்கு வந்ததும், வெள்ளைக்கார மஸேரையே ஏமாற்றிவிட்டேன் என்று பிள்ளைகளிடம் அளந்தேன். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அந்த ஏமாற்றையும் சொல்லவேண்டிவந்தது. யாரை ஏமாற்றினாயோ அவரிடமே போய்ச் சொல் என்று சாமியார் அனுப்பிவிட்டார்.

போனேன். மஸேர் கிணற்றடியில் களிமண் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். உருண்டது நடிப்பு, கடித்தது நடிப்பு, எனக்கு ஒரு வியாதியும் இல்லை என்று ஒப்பித்தேன். அவர் பலகையை விட்டு நிமிரவில்லை. பாவம், அவர் படித்த தமிழ் இவ்வளவுக்கு எட்டாது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, கிட்டே போய், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி உரக்கச் சொன்னேன்.

"மஸேர், நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணுமே இல்ல."

"வியாழக்கிழமை வா" என்றார்.