சேலை இல்லாத ஜாக்கெட்டுகள்

பக்கத்து வீட்டு லோகேஸ்வரியைப் பற்றி அவள் புருஷன் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்ல பிள்ளைதான், ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் தொலைத்துவிடுவாள். கிள்ளானில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான் என்பதால் இந்தப் பேச்சு எனக்கும் மனப்பாடம். கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். விடிவதற்கு முன்னே பள்ளிக்கூட கேண்டீனுக்குப் போய் நாசி லெமாக் சோறு பொட்டலம் கட்டுகிறவள் அவள். சாயங்காலம் வந்து சமைத்து, துவைத்து, மடிக்கத் தெம்பில்லாமல் துணியை அலமாரிக்குள் திணித்துக் கதவைத் தோளால் முட்டிச் சாத்துவாள். அலமாரி அலங்கோலமாக இருந்தது உண்மை. அவள் தொலைத்தாள் என்பதுதான் பொய்.

அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டவள் தனலெட்சுமி. லோகேஸின் நாத்தனார், பிரிக்பீல்ட்ஸ்காரி. கல்யாணம், கோயில் என்று எது வந்தாலும், "ஒரு நாளைக்குத்தான் லா" என்று லோகேஸிடம் ஒரு பட்டுச்சேலை வாங்கிப் போவாள். போனது போனதுதான். ரொம்ப நாள் பொறுத்து, கூச்சப்பட்டுக்கொண்டே லோகேஸ் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"நான்தான் அன்னைக்கே குடுத்துட்டேனே! உன் அலமாரியில தேடிப் பாரு. பாசார் மாலாம் சந்தை மாதிரி வச்சிருந்தா எப்படிக் கிடைக்கும்?"

லோகேஸின் புருஷன் திருச்செல்வமும் அக்காவோடு சேர்ந்து சிரிப்பார். அவருக்குத் தன் சட்டை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, அவர் சிரிப்பார்.

இதையெல்லாம் லோகேஸ் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். மகள் ஷாமினிக்கு நிச்சயம் வைக்கிறவரைக்கும்.

மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு. லோகேஸின் அம்மா சாகும் முன் கடைசியாக அவளுக்கு எடுத்துக் கொடுத்தது. நிச்சயத்துக்கு அதைத்தான் கட்டுவேன் என்றாள் ஷாமினி. அதுவும் தனத்திடம் போய், 'அன்னைக்கே' திரும்பி வந்த சேலைகளில் ஒன்று. அலமாரியைக் குடைந்து பார்த்துவிட்டு மகள் கேட்டாளாம்.

"பாட்டி குடுத்ததையுமாம்மா தொலைச்சிட்டீங்க?"

புருஷன் சொன்னது தோலோடு போயிற்று. பெற்ற பெண் சொன்னது உள்ளே இறங்கிவிட்டது. அன்றைக்கே லோகேஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ராஜம்மாக்கா, ஞாயித்துக்கிழமை வாங்க. அலமாரிய மொத்தமா காலி பண்ணப் போறேன். அந்தச் சேலை இங்க இருக்கா இல்லையான்னு இனிமே ஒருத்தரும் சந்தேகமா பேசக்கூடாது."

கட்டில்மேல் கொட்டியபோது குவியல் தலையணையை மூடிவிட்டது. கிழிந்தது, சுருங்கினது, ஷாமினி ஆரம்பப் பள்ளியில் போட்ட பினஃபோர் எல்லாம் மூட்டை கட்டி வெளியே போயின. எப்போதாவது எடுக்கும் கம்பளியும் படுக்கை விரிப்பும் மேல்தட்டுக்கு. தினமும் எடுப்பது கைக்கு எட்டும் உயரத்தில். திருச்செல்வத்தின் சட்டைகள் ஒரு பக்கம், கண்ணை மூடிக்கொண்டு கை விட்டாலும் கிடைக்கும்படி. ஊக்குகள் மைலோ டப்பாவில். பட்டுச்சேலை ஒவ்வொன்றையும் அதன் ஜாக்கெட், உள்பாவாடையோடு சேர்த்து ஒரே ஹேங்கரில் மாட்டினோம். கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றைத் தேடி இன்னொன்றைக் கலைக்க வேண்டியதில்லை.

கட்டில் காலியானபோது ஆறு ஜாக்கெட்டுகள் மட்டும் மிச்சம். மாம்பழ நிறம், கிளிப்பச்சை, வெங்காயத்தோல் நிறம். ஆறாவது மயில் கழுத்து. எல்லாம் சேலையோடு ஒட்டிவரும் துணியிலேயே தைத்தவை. சேலைகள்தான் இல்லை.

எனக்குச் சட்டென்று விளங்கியது. தனம் நல்ல சதைப்பிடிப்பான உடம்பு. லோகேஸின் ஜாக்கெட் அவளுக்குத் தோளைத் தாண்டாது. அதனால் ஜாக்கெட்டை விட்டுவிட்டுச் சேலையை மட்டும் கொண்டுபோனாள். எந்தச் சேலைக்கும் ஒரே தங்கநிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "காண்ட்ராஸ்ட் லா, இப்ப அதான் ஃபேஷன்" என்று எங்களுக்கெல்லாம் பாடம் வேறு எடுத்தாளே!

"இப்பவே போன் போட்டு நாலு வார்த்தை கேளுடி" என்றேன்.

"கேட்டா அன்னைக்கே குடுத்துட்டேன்னு சொல்லும். மாமியார் திதிப் படையலுக்கு எல்லாரும் வருவாங்க இல்ல? வரட்டும்."

அந்த ஆறு ஜாக்கெட்டையும் தனித்தனி ஹேங்கரில், கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும்படி முன்னால் மாட்டினாள். அவளுக்குள் இவ்வளவு வன்மம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

படையலன்று பெண்கள் எல்லோரும் கைப்பை வைக்க அந்த அறைக்குத்தான் வந்தார்கள். லோகேஸ் அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்திருந்தாள்.

"என்னா லோகேஸ், துணிக்கடை மாதிரில்ல இருக்கு!" என்றார் அமுதவள்ளி, திருச்செல்வத்தின் சின்னம்மா. வாயும் கண்ணும் ஒரே சமயத்தில் வேலை செய்கிற மனுஷி. "இந்த ஜாக்கெட்டுக்கெல்லாம் சேலை எங்கம்மா?"

"தெரியல அத்தை. வீடு பூரா தேடிட்டேன். நீங்க யாராவது பாத்தீங்களா?"

அமுதவள்ளி மாம்பழ நிற ஜாக்கெட்டின் சரிகையைத் தடவிப் பார்த்தார். "இது செலாயாங் கல்யாணத்துல தனம் கட்டினதாச்சே."

"கிளிப்பச்சை ரவாங் கோயிலுக்குக் கட்டினது" என்றாள் இன்னொருத்தி. "தங்கக் கலர் ஜாக்கெட்டோட."

எல்லோரும் தனத்தைப் பார்த்தார்கள்.

"ஒரே மாதிரி சேலை ஆயிரம் வரும் லா" என்றாள் தனம். குரல் இறங்கிவிட்டது.

"வரும் அண்ணி" என்றாள் லோகேஸ். "மயில் கழுத்து ஜாக்கெட்ட ஷாமினி நிச்சயத்துக்குப் போடப் போறா. சேலை கிடைக்காட்டி வேற சேலைக்குப் போடுவா. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, சேலை யார்கிட்ட போச்சுன்னு பேரோட சொல்லிடுறேன்."

சத்தம் கேட்டுத் திருச்செல்வம் வாசலில் வந்து என்ன என்றார். ஷாமினிதான் பதில் சொன்னாள்.

"அம்மா எதையும் தொலைக்கலப்பா."

அவர் ஜாக்கெட்டுகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கூடத்துக்குப் போய்விட்டார். தனம் சாப்பிடாமலே கிளம்பினாள்.

அடுத்த வாரம் அவள் கார் லோகேஸ் வீட்டு கேட்டில் வந்து நின்றது. நான் பெருக்கின வாசலையே மறுபடியும் பெருக்க ஆரம்பித்தேன். தனம் ஒரு பெரிய பையை நீட்டினாள்.

"எல்லாம் இருக்கு, லோகேஸ். ஏதோ மறந்தாப்ல என்கிட்டயே இருந்துருச்சு. மனசுல வச்சுக்காத."

லோகேஸ் பைக்குள் கைவிட்டு மயில் கழுத்துப் பட்டை மட்டும் எடுத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பையைத் திரும்ப நீட்டினாள்.

"மத்தது?" என்றாள் தனம்.

"மத்ததெல்லாம் நீங்க அன்னைக்கே குடுத்துட்டீங்களே அண்ணி. குடுத்ததையே மறுபடியும் எப்படிக் குடுப்பீங்க?"

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். தனம் பையோடு வெயிலில் நின்றாள். அந்த ஐந்து சேலையை அவள் இனி எந்த விசேஷத்திலும் கட்ட முடியாது. ஐந்து ஜாக்கெட்டும் லோகேஸின் அலமாரியில் முன்வரிசையில் இன்னும் தொங்குகின்றன. தனம் வருகிற நாளில் மட்டும் லோகேஸ் அலமாரிக் கதவைச் சாத்துவதில்லை.