பதினோராவது கோடு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இயற்பியல் படித்தவள், இன்றைக்கும் அப்படித்தான். அதனால் நீங்கள் சிரிப்பதென்றால் தாராளமாகச் சிரியுங்கள், அதற்காக நடந்ததை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வேங்கிக்காலில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கண்ணுக்கே தெரியாத ஊசிமுனையால் ஒரு பரப்பைத் தடவி, அதன் மேடுபள்ளத்தைப் படமாகக் காட்டும் நுண்ணோக்கி அங்கே இருந்தது. முனையைக் கொஞ்சம் அழுத்தினால் கோடும் கீறும், ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூற்றுக்கணக்கில் போடலாம். ஒருநாள் பிளாஸ்டிக் படலத்தில் பத்துக் கோடு கீறி, படமெடுத்து, எண்ணியும் பார்த்தேன்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வரும் பஸ்களில் தரையே அதிரும், பக்கத்தில் யாராவது நடந்தாலே தடுமாறுகிற கருவி அது. ஊசியைக் கழற்றி, மின்சாரத்தை நிறுத்தி, படலத்தைக் கருவியிலேயே விட்டு, அறையைப் பூட்டினேன். ஊசியும் சாவியும் என் கைப்பையில்தான் இருந்தன.

இரண்டு நாள் கழித்துத் திறந்து மறுபடி படமெடுத்தபோது, ஆய்வக உதவியாளர் கரீம் அண்ணன்தான் முதலில் சொன்னார்.

"மேடம், ஒண்ணு ஜாஸ்தியா இருக்குது பாருங்க."

பதினொன்று. அதே ஆழம், அதே இடைவெளி. கருவியின் கோளாறோ என்று ஊசியை மாற்றினேன், படலத்தைத் திருப்பி வைத்தேன், போகவில்லை. கீறும்போது பிளாஸ்டிக் உழுத மண்போல ஊசி போய் நிற்கும் பக்கம் குவியும். இடமிருந்து வலமாகக் கீறிய என் பத்துக்கும் குவியல் வலப்பக்கம். அதற்கு மட்டும் இடப்பக்கம். கரீம் அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வழிகாட்டிப் பேராசிரியர் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தை தீசிஸ்லேர்ந்து எடுத்துடும்மா, பத்து கோடு படம்தான் இருக்குதே, அதைப் போட்டு முடி" என்றார். "எக்ஸாமினர் கேட்டா என்னன்னு சொல்லுவே?"

"தெரியலைன்னு சொல்லுவேன் சார்."

"பட்டம் வேணுமா வேணாமா?"

"வேணும் சார். ஆனா எடுக்க மாட்டேன்."

ஒரு வருடம் கையெழுத்துப் போடாமல் இழுத்தார். நானும் இறங்கிவரவில்லை. கடைசியில் அந்தப் படத்தோடுதான் ஆய்வேடு போனது. தேர்வாளர் கேட்டார், தெரியாது என்றேன், அவர் பக்கத்தைப் புரட்டினார். பட்டம் கிடைத்தது.

சில வருடம் கழித்து, வேறு கல்லூரியில், புதுக் கருவியில் அதே படலத்தை வைத்துப் பார்த்தேன். இந்த வகை பிளாஸ்டிக்கில் கீறல் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். என் பத்துக் கோடுகளும் ஓரம் மழுங்கிக் கலங்கிப்போயிருந்தன. பதினோராவது மட்டும், அன்று காலையில்தான் கீறியது போல, கூராக இருந்தது.